தெரியாது என்பவரின் அறம்

கடவுள் உண்டா இல்லையா என்பது தமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியிருப்பதாகவும் படவில்லை என்கிறார் ஒருவர். பொய் சொல்லாமல், பிறர் பொருளுக்குக் கை நீட்டாமல், கொடுத்த வாக்கைக் காத்து வாழ வேண்டும் என்று அவரைக் கட்டுவது எது? இந்தக் கேள்விக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு வயதாவது இருக்கும். ஆஸ்திகர் 'உண்டு' என்ற முடிவிலிருந்து தம் அறத்தை எடுத்துக்கொள்கிறார். நாஸ்திகர் 'இல்லை' என்ற முடிவிலிருந்து தொடங்கி வேறோர் அடிப்படையைத் தேடுகிறார். எந்த முடிவுக்கும் வர இயலாத அறியொணாவாதிக்குக் காலூன்ற இடம் எங்கே?

இது தத்துவ அறிஞர்களின் கவலை மட்டும் அல்ல. பியூ ஆய்வு மையம் 34 நாடுகளில் கருத்துக் கேட்டு 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒழுக்கமாக வாழக் கடவுள் நம்பிக்கை தேவை என்றவர்கள் இந்தியாவில் 79 சதவீதம். சுவீடனில் 9 சதவீதம். 34 நாடுகளின் இடைநிலை அளவு 45. 2017இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது. 13 நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த அந்த ஆய்வில், கொடுங்கொலை புரிந்தவன் கடவுள் நம்பிக்கை அற்றவனாகவே இருப்பான் என்று ஊகிக்கும் போக்கு பரவலாகத் தெரிந்தது. நம்பிக்கை அற்றவர்களிடமே அந்தப் போக்கு இருந்தது என்பதுதான் அதன் முக்கியமான முடிவு.

இந்த வழக்கில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அறம் எதன்மேல் நிற்கிறது, அதை எப்படி அறிகிறோம், அறிந்தபடி நடக்க மனத்தைத் தள்ளுவது எது என்பவை அவை. முதல் கேள்வியில் அறியொணாவாதியின் நிலை பலர் நினைப்பதைவிட வலுவானது. கடைசிக் கேள்வியில் பலர் நினைப்பதைவிட மெலிவானது. பல காலத்து விடைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கணிப்புக்கே வர வேண்டியிருக்கிறது.

நழுவும் ஆசான், நழுவாத ஆசான்

பௌத்த நூலான திக நிகாயத்தின் சாமஞ்ஞபல சூத்திரத்தில் மகத மன்னன் அஜாதசத்ரு, துறவுக்கு இவ்வுலகில் கண்கூடான பலன் என்ன என்று தான் பல ஆசான்களிடம் கேட்டதைப் புத்தரிடம் சொல்கிறான். அவர்களில் ஒருவர் சஞ்சய பேலட்டிபுத்தர். மறுவுலகம் உண்டு என்றும் அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, உண்டும் இல்லையும் என்றும் சொல்லவில்லை. மன்னனுக்குச் சலிப்பு. பிரம்மஜால சூத்திரம் இவ்வகையினரைப் பிடிக்குள் அகப்படாத விலாங்குக்கு ஒப்பிடுகிறது.

ஆயினும் அதே சூத்திரம் அவர்கள் ஏன் நழுவினார்கள் என்பதற்குக் காரணங்களும் தருகிறது. மந்த புத்தி அவற்றில் ஒன்று. முதலில் வருவது வேறு: தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னால் அது பொய்யாகிவிடுமோ என்ற அச்சம். எதிர்த்தரப்பார் எழுதிவைத்த ஏடுகளின் வழியாக மட்டுமே சஞ்சயரை அறிகிறோம். ஆனால் எதிர்த்தரப்பாரே ஒப்புக்கொண்ட இந்தக் காரணம் ஓர் அறக்காரணம். பின்னாளில் புத்தரின் தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் அவரிடம் வரும்முன் சஞ்சயரிடம் பயின்றவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பள்ளி வெறும் வாய்ச்சாலகம் என்று தள்ள மனம் வரவில்லை.

புத்தரும் சில கேள்விகளுக்கு விடை சொல்ல மறுத்தார். உலகம் நித்தியமா, ததாகதர் (மெய்ஞ்ஞானம் எய்தியவர்) இறந்தபின் இருப்பாரா போன்ற வினாக்களுக்கு விடை வந்தால்தான் துறவில் தொடர்வேன் என்ற மாலுங்கியபுத்தருக்கு, நச்சு அம்பு தைத்தவனின் உவமையைச் சொன்னார். எய்தவன் யார், என்ன வில், எந்த நாண் என்றெல்லாம் தெரிந்தபிறகுதான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்பவன் அதற்குள் செத்துப்போவான். சஞ்சயர் விடை சொல்லாமல் அதோடு நின்றார். புத்தர் விடை சொல்லாமலே அடுத்த வேலையைத் தொடங்கினார்.

நம் கேள்விக்கு நேராக வருவது காலாம சூத்திரம். ஊருக்கு வரும் ஒவ்வோர் ஆசானும் தன் கொள்கையைப் புகழ்ந்து பிறர் கொள்கையை இகழ்கிறார், யாரை நம்புவது என்று காலாமர் என்னும் குலத்தினர் கேட்கிறார்கள். பகையற்ற உள்ளத்தோடு வாழ்பவனுக்கு நான்கு ஆறுதல்கள் உண்டு என்கிறார் புத்தர். மறுவுலகமும் வினைப்பயனும் இருந்தால் அவன் நற்கதி அடைவான். இல்லையென்றாலும் இங்கேயே, இப்போதே பகையின்றித் துன்பமின்றி வாழ்கிறான். மற்ற இரண்டும் இவ்வகையில் அமைந்தவையே.

பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் மறைவுக்குப் பின் 1670இல் வெளியான சிந்தனைக் குறிப்புகளில் வரும் புகழ்பெற்ற பந்தயத்துக்கும் இதற்கும் உருவ ஒற்றுமை உண்டு. உள்ளடக்கம் நேர் எதிர். பாஸ்கல், கடவுள் உண்டு என்று நம்புவதன்மேல் பந்தயம் கட்டச் சொன்னார். இயல்பாக நம்பிக்கை வராவிட்டால் வழிபாட்டில் கலந்து பழக்கத்தால் வரவழைத்துக்கொள்ளச் சொன்னார். இதே வாதத்தை ஓர் இமாமும் செய்யலாமே என்று டிதரோ அதை மடக்கினார். காலாமர்களிடம் எதையும் நம்பச் சொல்லவில்லை, நடக்க மட்டுமே சொன்னார் புத்தர். அதனால் டிதரோவின் மறுப்பு இங்கே பலிக்காது. பலிப்பது வேறொன்று: நல்லவனுக்கு இம்மையிலேயே நிம்மதி உண்டு என்பது எப்போதும் உண்மைதானா? நன்மை செய்ததற்காகவே வதைபட்டவர்களை வரலாறு நிறையவே கண்டிருக்கிறது.

மீமாம்சகரும் சமணரும் படைப்புக் கடவுளை ஏற்காமலே கடுமையான அறநெறிகளை வகுத்தவர்கள். கடவுள் இல்லையேல் அறம் இல்லை என்ற கூற்றுக்கு இந்திய மரபே மறுப்பு என்று பலர் இவர்களைக் காட்டுகிறார்கள். காட்டுவது சரி, ஆனால் அது பாதி வழிதான் செல்லும். மீமாம்சகருக்கு வேதத்தில் ஐயம் இல்லை, சமணருக்கு வினைக்கொள்கையில் ஐயம் இல்லை. கடவுளை விட்டவர்கள் உறுதியை விடவில்லை.

சங்கப் பாட்டில் ஒரு பந்தயம்

உறுதியையும் விட்டபின் என்ன மிஞ்சும் என்று பார்த்த ஒரு பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தன் புதல்வர்களோடு மூண்ட பகையால் மனம் நொந்து வடக்கிருந்து உயிர் துறந்த கோப்பெருஞ்சோழன் பாடியது, 214ஆம் பாட்டு. நல்வினை செய்யலாமா வேண்டாமா என்ற ஐயம் தீராமல் நிற்பவர்களைத் துணிவற்றவர்கள் என்று அவன் கடிகிறான். யானை வேட்டைக்குப் போனவன் யானையோடு வரலாம், குறும்பூழ் பிடிக்கப் போனவன் வெறுங்கையோடும் திரும்பலாம். எனவே உயர்ந்ததையே குறிவைக்க வேண்டும் என்கிறான். பிறகு படிப்படியாக இறங்கி வருகிறான். செய்த வினைக்குப் பயன் உண்டென்றால் மேலுலக இன்பம் கிட்டும். அது இல்லையென்றால் மறுபிறவி இல்லாமற் போகும். அதுவும் இல்லையென்றாலும், இமயச் சிகரம்போல் புகழை நிறுத்திப் பழியற்ற உடலோடு மாய்வது மிகச் சிறந்தது.

சாவை எதிர்நோக்கி அமர்ந்த ஒருவன், தனக்கு வரப்போவது எது என்று தெரியாமலே இதைப் பாடுகிறான். ஒவ்வொரு நம்பிக்கையும் பொய்த்தால் என்ன ஆகும் என்று தானே கேட்டு, ஒவ்வொரு படியிலும் நின்று பார்க்கிறான். பாஸ்கலிடம் காணாத நேர்மை இது. தோற்றால் என்ன மிஞ்சும் என்று சோழன் வெளிப்படையாகச் சொல்கிறான். ஆனால் கடைசிப் படியில் அவன் பற்றிக்கொள்வது புகழை. யாரும் பார்க்காத நன்மைக்குப் புகழ் இல்லை. ஊர் தூற்றும் நன்மைக்கோ புகழுக்கு எதிரானதே கிடைக்கும்.

அதே தொகுப்பில் 134ஆம் பாட்டு இந்தக் கணக்கையே தூக்கி எறிகிறது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் புகழ்கிறபோது, இங்கே கொடுத்தால் அங்கே திரும்பக் கிடைக்கும் என்று அறத்தை விலை பேசுகிறவன் அல்லன் ஆய் என்கிறார். சான்றோர் நடந்த வழி அது, ஆகவே அவனும் கொடுக்கிறான். திருவள்ளுவரும் ஈகை அதிகாரத்தில், கொடுப்பவருக்கு மேலுலகம் வாய்க்காது என்று சொல்லப்பட்டாலும் கொடுப்பதே நல்லது என்ற நிலையை எடுக்கிறார். இவர்களை அறியொணாவாதிகள் என்று அழைப்பது மிகை. திருக்குறள் கடவுள் வாழ்த்தோடுதான் தொடங்குகிறது. சங்கப் புலவர்களின் உலகில் தெய்வங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் நன்மையின் நியாயம் மறுமையைச் சார்ந்து நிற்கவில்லை என்ற எண்ணம் அவர்களிடம் முழுத் தெளிவோடு இருந்தது.

அடிப்படை பற்றிய வழக்கு

கிரேக்கத்தில் புரோத்தகோரஸ், தெய்வங்கள் இருக்கின்றனவா என்பதைத் தன்னால் அறிய முடியாது, பொருளும் மங்கலானது, மனித ஆயுளும் குறுகியது என்று எழுதினார். அவரே குடிமக்களுக்குரிய நற்பண்பைக் கற்பிக்கும் ஆசிரியராகத் தொழில் செய்தார். பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ' உரையாடலில் சாக்ரடீஸ் கேட்ட கேள்வி இன்றுவரை இந்த வழக்கின் அச்சு: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் அதைத் தெய்வங்கள் விரும்புகின்றனவா? முன்னதை ஏற்றால், தெய்வம் கொடுமையைக் கட்டளையிட்டால் கொடுமையும் நன்மையாகிவிடும். பின்னதை ஏற்றால், நன்மை தெய்வத்துக்கு முன்பே நிற்கிறது.

டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் 1625இல், கடவுள் இல்லை என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும் இயற்கை நீதி ஓரளவு செல்லுபடியாகும் என்று எழுதினார். அப்படி ஒப்புக்கொள்வது பெரும் பாவம் என்றும் உடனே சேர்த்தார். 1682இல் பியர் பெய்ல், நாஸ்திகர்கள் மட்டுமே வாழும் சமூகமும் ஒழுங்காக நடக்கக்கூடும் என்று வாதிட்டார். மனிதர்கள் தம் கொள்கைப்படி நடப்பதைவிடத் தம் இயல்புப்படியே நடக்கிறார்கள் என்பது அவர் கண்டது.

கடவுளின் கட்டளையே அறம் என்னும் இறைக்கட்டளைக் கொள்கையை நம் காலத்தில் செப்பனிட்டவர்களில் முதன்மையானவர் ராபர்ட் ஆடம்ஸ். அன்பே உருவான கடவுளின் கட்டளையை மீறுவதுதான் தவறு என்பதன் பொருள் என்று 1973இல் எழுதினார். அன்பான கடவுள் கொடுமையைக் கட்டளையிட மாட்டார் ஆகையால் சாக்ரடீஸ் வைத்த இருதலைக் கேள்வியின் முதல் கொம்பு குத்தாது. நுட்பமான திருத்தம்தான். ஆனால் அறியொணாவாதியின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. தவறு என்பது இப்படி ஒரு கடவுளை முழுக்கச் சார்ந்ததென்றால், அவர் உண்டா என்று ஐயுறுபவர் குழந்தையை வதைப்பது தவறா என்பதிலும் அதே அளவு ஐயுற வேண்டும். அப்படி யாரும் ஐயுறுவதில்லை. குழந்தையை வதைப்பது தவறு என்பதில் நமக்குள்ள உறுதி, எந்த இறையியல் கோட்பாட்டின்மேலும் நமக்கு இருக்கக்கூடிய உறுதியைவிடப் பெரியது. குறைந்த உறுதியுள்ளதன்மேல் நிறைந்த உறுதியுள்ளதை நிறுத்த முயல்வது வாதத்தைத் தலைகீழாக்குகிறது. அறம் கடைசியில் எதன்மேல் நிற்கிறது என்பதை இது தீர்த்துவிடாது. அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை அறத்தை ஒத்திவைக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் காட்டுகிறது. நாஸ்திகரான மேக்கி 1977இல், புறவுலகில் அறமதிப்புகள் என்று எவையும் இல்லை என்று எழுதியதும் நினைவில் இருக்க வேண்டும். கடவுளைக் கழித்துவிட்டால் அடிப்படைச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பாருக்கு அவரும் துணை வரமாட்டார்.

ஒரு கல்லறையும் ஒரு கடிதமும்

'தெரியாது' என்பது தனியொருவரின் தயக்கமாக இல்லாமல் ஒரு தலைமுறையின் வாழ்க்கையாகவே மாறியது விக்டோரியா காலத்து இங்கிலாந்தில்தான். அதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் ஒரு மதகுரு. ஹென்றி மான்செல் 1858இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில், எல்லையற்றதை மனித அறிவு அறியவே முடியாது, ஆகவே வேத வெளிப்பாட்டைப் பணிந்து ஏற்க வேண்டும் என்றார். கேட்டவர்களில் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

1860 செப்டம்பரில் உயிரியல் அறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியின் மூத்த மகன் நோயல், நான்கு வயது நிறையும் முன்பே செங்காய்ச்சலில் இறந்தான். நண்பரும் மதகுருவும் நாவலாசிரியருமான சார்ல்ஸ் கிங்ஸ்லி ஆறுதல் கடிதம் எழுதினார். செப்டம்பர் 23 அன்று ஹக்ஸ்லி எழுதிய நீண்ட பதில், அறியொணாவாதத்தின் வரலாற்றில் மிக முக்கியமான ஆவணம் என்பது என் எண்ணம். அடக்கத்தின்போது குழந்தையின் சவப்பெட்டி அருகே குரு, இறந்தவர்கள் எழுவதில்லை என்றால் உண்போம் குடிப்போம், நாளை சாவோம் என்ற பவுலின் வாதத்தை வாசித்தார். அது தன்னைச் சொல்லமுடியாத அளவு அதிர வைத்தது என்கிறார் ஹக்ஸ்லி. ஈடுசெய்யவே முடியாத இழப்பைச் சந்தித்த ஒரே காரணத்தால் நான் மனிதத்தன்மையை உதறிவிட்டு மிருகமாக வேண்டுமா என்று கேட்கிறார். குட்டியைப் பறிகொடுத்த குரங்குகூடத் துக்கம் காக்கும், உடனே தீனி தேடி ஓடாது என்று எழுதுகிறார்.

மறுமை உறுதி இல்லாதவனுக்கு ஒழுக்கத்துக்குக் காரணம் இல்லை என்ற வாதம் ஒரு தகப்பனின் காதில் எப்படி விழும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை. அதே கடிதத்தில் அவர் தன்னைத் தாங்கியவை மூன்று என்று சொல்கிறார். இறையியலே இல்லாமலும் ஆழ்ந்த சமய உணர்வு இருக்கக்கூடும் என்பதை எழுத்தாளர் கார்லைல் காட்டினார். பிறர் அதிகாரத்தைச் சாராத ஓர் இருப்பிடத்தை அறிவியல் தந்தது. மனித இயல்பின் புனிதத்தை அன்பு உணர்த்தியது. அறியொணாவாதி என்ற பெயரை அவர் உருவாக்கியது இதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1869இல்.

அவருடைய காலத்தவர்களும் சளைக்கவில்லை. லெஸ்லி ஸ்டீஃபன் குருப்பட்டம் பெற்றவர். வழிபாடு நடத்த மனம் ஒப்பாமல் 1862இல் கேம்பிரிட்ஜ் ஆசிரியப் பணியை விட்டார். 1875இல் குருப்பட்டத்தையும் முறைப்படி துறந்த பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திட்டவர் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி. ஹென்றி சிட்ஜ்விக் 1869இல், திருச்சபையின் 39 கொள்கைகளை இனியும் நேர்மையாக ஏற்க முடியாது என்று டிரினிட்டி கல்லூரியில் தம் பதவியைத் துறந்தார். சஞ்சயருக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட அதே அச்சம்: தெரியாததைத் தெரியும் என்று கையெழுத்திடுவது பொய். 1873இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட், கடவுள் எண்ணிப் பார்க்க இயலாதது, அமரத்துவம் நம்ப இயலாதது, ஆனால் கடமை முழுமையானது, விலக்க முடியாதது என்று மழை ஈரம் படிந்த தோட்டத்தில் நடந்தபடி சொன்னதாக, உடன் நடந்த எழுத்தாளர் மையர்ஸ் பதிவுசெய்திருக்கிறார்.

நீட்சேயின் தாக்குதல் நேரே எலியட்டின்மேல்தான் விழுந்தது. கிறிஸ்தவக் கடவுளை உதறியவர்கள் கிறிஸ்தவ ஒழுக்கத்தை முன்னிலும் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். கிறிஸ்தவம் ஒரு முழு அமைப்பு, அதன் நடுத்தூணை உருவிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியாது என்று 1889இல் வெளியான நூலில் எழுதினார். விக்டோரியர்கள் வாழ்ந்தது தாத்தா சேர்த்த முதலில் என்பதே குற்றச்சாட்டு. இதை எளிதில் தள்ள முடியாது. அவர்களின் ஒழுக்கப் பட்டியலில் பெரும்பகுதி அவர்கள் விட்டுவந்த திருச்சபையின் பட்டியலே. ஆனால் கருணை, வாய்மை, ஈகை ஆகியவை கிறிஸ்தவத்தின் தனியுடைமை என்ற எண்ணம் ஐரோப்பாவுக்கு வெளியே பார்க்காததால் வருவது. ஹக்ஸ்லி வெளியே பார்த்தார். 1893இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய 'பரிணாமமும் அறமும்' உரையில், மேற்கத்திய பொருளில் கடவுளையே அறியாத பௌத்தம் பரந்த நிலப்பரப்பில் பரவியதை எடுத்துக்காட்டினார். அதே உரையில், இயற்கையின் போக்கை அப்படியே பின்பற்றினால் அறம் பிறக்காது, அதை எதிர்த்தே அறம் வளர்கிறது என்றும் சொன்னார். எதிர்க்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அந்த உரையில் தெளிவான விடை இல்லை.

நம்பவும் கடமை உண்டா

அறியொணாவாதம் வெறும் அறிவு நிலை அல்ல, அதுவே ஓர் அறக்கட்டளை என்று கடைசிவரை கொண்டு சென்றவர் கணித அறிஞர் கிளிஃபர்ட். 1877இல் அவர் எழுதிய கட்டுரையில், பழுதான கப்பல் நன்றாகத்தான் இருக்கிறது என்று தன்னைத் தானே நம்பவைத்துக்கொண்டு பயணிகளை ஏற்றி அனுப்பும் முதலாளி வருகிறான். கப்பல் தப்பித்துக் கரைசேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே. போதிய சான்றில்லாமல் எதையும் நம்புவது எப்போதும் எவருக்கும் தவறு என்பது கிளிஃபர்டின் முடிவு. 1896இல் வில்லியம் ஜேம்ஸ் மறுத்தார். சில கேள்விகள் தள்ளிப்போட முடியாதவை. சான்று வரும்வரை காத்திருப்பதும் ஒரு தேர்வுதான், அதற்கும் விலை உண்டு என்றார்.

இருவருக்கும் முன்பே இந்த வாதத்தின் ஒரு பகுதி தமிழில் நடந்துவிட்டது. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரில் சமயவாதிகள் பலரின் கொள்கைகளையும் கேட்டுவரும் மணிமேகலை, கடைசியாகப் பூதவாதியைச் சந்திக்கிறாள். கண்ணால் கண்டதையே ஏற்பேன் என்ற அவனிடம், உன் பெற்றோர் இன்னார் என்பதை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்பதாகச் சாத்தனார் அமைத்திருக்கிறார். நேரடிச் சான்றுக்கு அப்பால் ஒரு நம்பிக்கை இல்லாமல் குடும்பமே நடக்காது. கிளிஃபர்டின் விதியை அப்படியே கடைப்பிடித்தால் கடவுள் நம்பிக்கை மட்டுமல்ல, பல அறநம்பிக்கைகளும் நிற்காது. ஆனால் பெற்றோரைப் பற்றிய அனுமானத்துக்குத் துணைநிற்கும் ஆயிரம் சான்றுகள் கடவுளைப் பற்றிய அனுமானத்துக்கு உண்டா என்பது தனிக்கேள்வி. ஜேம்ஸின் வாதமும் அங்கேதான் தளர்கிறது.

இவர்களுக்கிடையே ஓர் அமைதியான நிலை ஆந்தனி கென்னியுடையது. 1955இல் கத்தோலிக்கக் குருவாகி 1963இல் விலகிய இந்தத் தத்துவ ஆசிரியர், அறியொணாவாதி பிரார்த்தனை செய்வதில் முரண் ஏதும் இல்லை என்று வாதிட்டார். நடுக்கடலில் தனித்து மிதப்பவன் யார் காதிலாவது விழுமா என்று தெரியாமலேதான் உதவிக்குக் குரல் கொடுக்கிறான்.

சாட்சி இல்லாத வாக்குறுதி

1689இல் வெளியான சகிப்புத்தன்மை பற்றிய கடிதத்தில் ஜான் லாக், நாஸ்திகரைச் சகிக்க வேண்டியதில்லை என்று எழுதினார். வாக்குறுதி, ஒப்பந்தம், சத்தியம் ஆகிய சமூகக் கட்டுகள் அவர்களைக் கட்டாது என்பது காரணம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து அந்தக் காரணம் நாடாளுமன்ற வாசலில் சோதிக்கப்பட்டது. நாஸ்திகரான சார்ல்ஸ் பிராட்லா 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்றார். கடவுள் பெயரால் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி எடுக்க அவர் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. பிறகு வழக்கமான சத்தியமே செய்கிறேன் என்றபோது அதையும் ஏற்கவில்லை. மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு 1886இல்தான் இருக்கையில் அமர்ந்தார். உறுதிமொழிக்கு வழிசெய்த சட்டம் 1888இல் வந்தது.

பிராட்லாவின் இயக்கம் சென்னையை உடனேயே தொட்டது. 1880களில் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' இதழை நடத்தினார்கள். பின்னர் வந்த, சடங்கும் புரோகிதரும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் லாக்கின் கேள்வியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தன: தெய்வமும் அக்கினியும் சாட்சியாக இல்லாத மணவாக்கு கட்டுமா? 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய ஒரு திருமணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய திருத்தம் அவற்றைச் செல்லுபடியாக்கியது. கடவுள் பெயரைச் சொல்லாமல் உளமார உறுதி கூறிப் பதவியேற்க அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை முன்பே இடம் தந்திருந்தது. நடைமுறையில் லாக் அஞ்சியது நடக்கவில்லை. ஆனால் வாக்குறுதியைக் காத்தது தனிமனித மனச்சான்றா, அல்லது சட்டமும் சுற்றமும் கடவுளின் இடத்தில் சாட்சியாக நின்றனவா என்று கேட்டால், பிந்தியதன் பங்கு சிறிதல்ல.

அமெரிக்கச் சமூக ஆய்வாளர்கள் புட்னமும் கேம்பலும் 2010இல் வெளியிட்ட நூல் இதற்குத் துணைநிற்கிறது. சமய ஈடுபாடுள்ளோர் தர்மம் செய்வதிலும் தொண்டாற்றுவதிலும் முன்நிற்கிறார்கள் என்று கண்ட அவர்கள், காரணம் கோட்பாட்டு நம்பிக்கை அல்ல, வழிபாட்டு இடத்தில் அமையும் நட்புகளே என்ற முடிவுக்கு வந்தார்கள். கடவுளை நினைவூட்டினால் தாராளம் கூடும் என்று 2007இல் சொன்ன ஆய்வகப் பரிசோதனை, பின்னர் பெரிய அளவில் செய்து பார்த்தபோது அதே முடிவைத் தரவில்லை. நிலைமை இதுவென்றால் அறியொணாவாதிக்கு உண்மையில் குறைவது உறுதி அல்ல, கூட்டம். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் இணையாக வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் விசாரிக்கும் ஏற்பாட்டை அவர்கள் பெரிதாக உருவாக்கியதில்லை.

தீராதவை

அறத்தின் அடிப்படைக்கு இறையுறுதி கட்டாயம் என்ற வாதம் சாக்ரடீஸின் கேள்வியிலிருந்து முழுமையாக மீண்டதாகத் தெரியவில்லை. உறுதியற்றவர் ஒழுங்காக வாழ முடியுமா என்பதற்கு ஹக்ஸ்லியின் தலைமுறை வாழ்ந்தே விடை சொன்னது. பல தலைமுறைகளுக்கு அது நீடிக்குமா என்ற நீட்சேயின் கேள்விக்கு சுவீடன் போன்ற நாடுகள் இதுவரை சாதகமான விடையையே தருகின்றன. ஆனால் அங்கும் இரண்டு மூன்று தலைமுறைக் கதைதான் ஆகியிருக்கிறது. குழந்தைகளுக்கு எதைச் சொல்லி வளர்ப்பது என்பதும் தீரவில்லை. 1870இல் லண்டனின் முதல் பள்ளி வாரியத்துக்குத் தேர்வான ஹக்ஸ்லி, இறையியல் விளக்கம் இல்லாமல் பள்ளிகளில் பைபிள் வாசிக்கப்படுவதை ஆதரித்தார். அதற்கு மாற்றாக ஒன்றை அவரால் காட்ட முடியவில்லை.

மிகக் கடினமாக நிற்பது சிட்ஜ்விக் விட்டுச்சென்ற சிக்கல். 1874இல் வெளியான 'அறவியல் முறைகள்' நூலில் அவர், கடமையும் தன்னலமும் மோதும் இடத்தில் இரண்டுமே அறிவுக்கு ஒத்தவையாகத் தோன்றுகின்றன, பிரபஞ்சத்துக்கு ஓர் அற ஒழுங்கு இருந்தாலன்றி இவற்றை இணைக்க முடியாது என்று முடித்தார். அறத்துக்கு அப்படி ஒரு நம்பிக்கை தேவை, ஆகவே கடவுளையும் அமரத்துவத்தையும் நடைமுறை நோக்கில் ஏற்கலாம் என்று காண்ட் 1788இல் காட்டிய வழியை அவர் மறுத்தார். தேவைப்படுகிறது என்பதற்காக நம்புவது தம்மால் கற்பனையும் செய்ய இயலாத மனநிலை என்றார். 1882இல் இயல்பு கடந்த உளநிகழ்வுகளை ஆராயும் சங்கத்தின் முதல் தலைவராகி, மரணத்துக்குப் பின் வாழ்வு உண்டா என்பதற்குச் சான்று தேடினார். இவ்வளவு நேர்மையான தேடலை இந்த வரலாற்றில் அதிகம் காண முடியாது. 1900இல் இறக்கும்வரை அவருக்கு நிறைவு தரும் சான்று கிடைக்கவில்லை.

காலாமர்களுக்குச் சொன்ன ஆறுதலும் கோப்பெருஞ்சோழனின் புகழும் நின்றுபோவது இதே இடத்தில்தான். ஆய் வள்ளலின் வழி மட்டும் இதைக் கடக்கிறது, ஏனெனில் அது பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் கொடுப்பது கொடுப்பவனின் தேர்வு. தேர்வே இல்லாமல் இழந்தவர்கள் இருக்கிறார்கள்: அநீதியாகக் கொல்லப்பட்டு, கொன்றவன் முதுமையில் நிம்மதியாக இறந்தும்போனபின், உலகில் எந்த நீதிமன்றமும் எட்ட முடியாதவர்கள். அவர்களுக்கு என்றாவது நியாயம் கிடைக்கும் என்று ஆஸ்திகர் சொல்லலாம், கிடைக்காது என்று நாஸ்திகர் சொல்லலாம். அறியொணாவாதி இரண்டையும் சொல்ல முடியாதவர். இருப்பவர்களுக்கு அநீதி நேராமல் தடுக்கும் கடமையை அவர் குறைவின்றி ஏற்கலாம். இறந்தவர்களுக்கு உரிய பதில் என்று அவர் மரபு இன்னும் எதையும் உருவாக்கவில்லை.